தடுத்தவர் யாருக்குப் பதில் சொல்வார்?

எங்கள் சட்டமன்றத் தொகுதிக்கு எண் 76, பெயர் திருக்கோவிலூர். ஊர் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருந்தாலும் மக்களவைத் தேர்தலில் நாங்கள் விழுப்புரத்துக்காரர்கள். 2016இலும் 2021இலும் தி.மு.க.வின் க. பொன்முடியை இங்கிருந்து சட்டமன்றத்துக்கு அனுப்பினோம். இரண்டாவது முறை வித்தியாசம் 59,000 வாக்குகளுக்கு மேல். அப்படி அனுப்பப்பட்டவர் 2023 டிசம்பர் கடைசியில் பதவியை இழந்தார். 2024 மார்ச்சில் திரும்ப எம்.எல்.ஏ. ஆனார், ஆன பிறகும் மந்திரி ஆக முடியாமல் அவருடைய கோப்பு ராஜ்பவனில் நின்றது. கடைசியில் உச்ச நீதிமன்றம் ஒருநாள் கெடு வைத்த பிறகுதான் பதவிப் பிரமாணம் நடந்தது.

நான் இந்தப் பக்கத்து மேல்நிலைப் பள்ளிகளில் அரசியல் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவன். ஆளுநரின் நியமன அதிகாரங்கள் என்பது பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஐந்து மதிப்பெண் கேள்வி. அரசியல் சட்டம் உறுப்பு 164: முதலமைச்சரை ஆளுநர் நியமிப்பார், மற்ற அமைச்சர்களை முதலமைச்சரின் ஆலோசனைப்படி ஆளுநர் நியமிப்பார். மனப்பாடம் செய்து எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். முதலமைச்சர் பெயரைக் கொடுத்த பிறகும் ஆளுநர் மாட்டேன் என்றால் என்ன ஆகும் என்று வகுப்பில் எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. 2024 மார்ச்சில் அதே பிள்ளைகள், கரைவேட்டி கட்டிய கட்சிக்காரர்களாக என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து கேட்டார்கள்.

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். 2006இல் தொடங்கிய தி.மு.க. ஆட்சியில் அமைச்சராக இருந்த காலத்தில் வருமானத்துக்கு மேல் சொத்துச் சேர்த்தார் என்று பொன்முடி மீதும் அவர் மனைவி மீதும் லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் போட்டது. 2016இல் விழுப்புரம் சிறப்பு நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றம் 2023 டிசம்பர் 19 அன்று அந்த விடுதலையை ரத்து செய்து, 21ஆம் தேதி மூன்றாண்டு சிறையும் தலா 50 லட்ச ரூபாய் அபராதமும் விதித்தது. ஊழல் தடுப்புச் சட்டத்தில் தண்டனை என்றால் அந்த நிமிடமே பதவி போய்விடும். மேல்முறையீடு செய்யும்வரை பதவியில் இருக்கலாம் என்ற பழைய சலுகையை 2013இல் லில்லி தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் எடுத்துவிட்டது. தொகுதி காலி என்று அறிவிப்பும் வந்தது. இடைத்தேர்தல் வரும், யாருக்கு சீட்டு என்று ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது.

2024 மார்ச் 11 அன்று உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. எதை நிறுத்தி வைத்தது என்பதுதான் இந்தக் கதையின் மையம், அதற்குப் பிறகு வருகிறேன். 13ஆம் தேதி தொகுதி காலி என்ற அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. உயர் கல்வித் துறையைத் திரும்பவும் பொன்முடிக்குக் கொடுக்கப்போவதாகவும், பதவிப் பிரமாணம் செய்து வைக்கும்படியும் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ஆளுநருக்குக் கடிதம் அனுப்பினார். 16ஆம் தேதி மக்களவைத் தேர்தல் அறிவிக்கப்பட்டது. 17ஆம் தேதி, அப்போது ஆளுநராக இருந்த ஆர்.என். ரவியிடமிருந்து பதில்: குற்றவாளி என்ற தீர்ப்பு நிறுத்தித்தான் வைக்கப்பட்டிருக்கிறது, ரத்தாகவில்லை, ஊழல் வழக்கில் குற்றவாளி என்று தீர்க்கப்பட்டவரை அமைச்சராக்குவது அரசியல் சட்ட ஒழுக்கத்துக்கு ஒவ்வாது.

மறுநாள் காலையில் என் பழைய மாணவர் ஒருவர் வந்தார். தி.மு.க. கிளைச் செயலாளர். செல்போனில் போஸ்டர் டிசைன் தயாராக வைத்திருந்தார்: மேலே தலைவர்கள் படம், நடுவில் 'மாண்புமிகு', இலாகா பெயர் போட ஓர் இடம் காலியாக. தேர்தல் நடத்தை விதி வந்துவிட்டதால் அச்சடித்தாலும் ஒட்ட முடியாது. அந்த எரிச்சல் வேறு.

"நாங்க ஓட்டுப் போட்டு ஜெயிக்க வச்ச ஆளு சார். சுப்ரீம் கோர்ட்டே நிறுத்தி வச்சிடுச்சி. முதலமைச்சர் லெட்டர் கொடுத்துட்டாரு. அப்புறம் நடுவுல இவரு யாரு சார்?"

கூடவே வந்திருந்தவரும் என்னிடம் படித்தவர்தான், அ.தி.மு.க. வார்டு நிர்வாகி. இரண்டு பேரும் ஒரே தெரு, உறவும் உண்டு. அவர் திண்ணைத் தூணில் சாய்ந்தபடி சொன்னார்:

"அண்ணே, 2001ல அம்மாவுக்குப் பதவிப் பிரமாணம் பண்ணி வச்சப்ப நீங்க என்ன பேசுனீங்கன்னு நெனச்சுப் பாருங்க. 'கவர்னர் எப்படிக் கையெழுத்துப் போடலாம்'னு குதிச்சீங்களே. இப்ப 'கவர்னர் எப்படிப் போடாம இருக்கலாம்'ங்கறீங்க."

கிளைச் செயலாளருக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் கேள்வி நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் மார்ச் 17 கடிதத்தைப் பற்றிப் பேச முடியாது.

2001 தேர்தலில் ஜெயலலிதா நான்கு தொகுதிகளில் வேட்புமனு போட்டார். டான்சி வழக்கில் தண்டனை பெற்றிருந்ததால் மூன்று தள்ளுபடி, இரண்டுக்கு மேற்பட்ட தொகுதிகளில் மனு போட்டதால் நான்காவதும் தள்ளுபடி. கட்சி ஜெயித்தது, எம்.எல்.ஏ.க்கள் அவரையே தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். மே 14 அன்று ஆளுநர் பாத்திமா பீவி, உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாக இருந்தவர், அவருக்குப் பதவிப் பிரமாணம் செய்து வைத்தார். மக்கள் பெரும்பான்மை கொடுத்துவிட்டார்கள், நான் யார் தடுக்க என்பது அவர் நிலை. ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு செப்டம்பர் 21 அன்று அந்த நியமனம் செல்லாது என்றது. சட்டப்படி தகுதி இழந்தவரை ஆளுநர் நியமிக்கக் கூடாது, பெரும்பான்மை இருந்தாலும் கூடாது என்பது தீர்ப்பு. அன்றைக்கே ஓ. பன்னீர்செல்வம் முதலமைச்சர் ஆனார்.

அப்படியானால் 2001இல் கையெழுத்துப் போட்டதும் தப்பு, 2024இல் போடாததும் தப்பா? ஆம், இரண்டும் தப்புதான். காரணம் மேல்முறையீட்டில் கேட்கக்கூடிய இரண்டு வேறு வேறு நிவாரணங்களில் இருக்கிறது. ஒன்று, தண்டனையை நிறுத்தி வைப்பது. அதாவது ஜெயிலுக்குப் போக வேண்டாம், ஜாமீனில் இருக்கலாம். ஆனால் குற்றவாளி என்ற தீர்ப்பு தலைமேல் அப்படியே இருக்கும், தகுதி இழப்பும் இருக்கும். மற்றொன்று, குற்றவாளி என்ற தீர்ப்பையே நிறுத்தி வைப்பது. இது அபூர்வமாகக் கிடைக்கும். கிடைத்தால், மேல்முறையீடு முடியும்வரை சட்டத்தின் கண்ணில் அவர் தண்டிக்கப்படாதவர். 2001இல் ஜெயலலிதாவுக்கு முதலாவது மட்டுமே கிடைத்திருந்தது. 2024இல் பொன்முடிக்கு இரண்டாவது கிடைத்தது. ராகுல் காந்திக்கு 2023 ஆகஸ்டில் எம்.பி. பதவி திரும்பியதும் இந்த இரண்டாவது வகை உத்தரவால்தான்.

இதைச் சொன்னதும் கிளைச் செயலாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வார்டு நிர்வாகி விடவில்லை. "சரி சார், 2017ல?" என்றார்.

அந்த ஆண்டு பிப்ரவரி 5 அன்று அ.தி.மு.க. எம்.எல்.ஏ.க்கள் வி.கே. சசிகலாவைச் சட்டமன்றக் கட்சித் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். மகாராஷ்டிர ஆளுநரான வித்யாசாகர் ராவ் தமிழகத்தையும் கூடுதல் பொறுப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நாள் குறிக்காமல் இழுத்தார். சசிகலா தரப்பு கொதித்தது, எங்கள் ஊர் தி.மு.க.காரர்கள் ஆளுநரின் நிதானத்தைக் குறை சொல்லவில்லை. பிப்ரவரி 14 அன்று சொத்துக் குவிப்பு வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து சசிகலா சிறைக்குப் போனார். 16ஆம் தேதி எடப்பாடி பழனிசாமி பதவியேற்றார். அந்த ஒன்பது நாள் தாமதம் சரியா தப்பா என்று இன்றைக்கும் என்னால் ஒரே சொல்லில் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. விளைவைப் பார்த்தால் மாநிலம் ஒரு பெரிய குழப்பத்திலிருந்து தப்பியது. ஆனால் எந்தச் சட்டத்தில் ஒன்பது நாள் காத்திருக்கலாம் என்று எழுதியிருக்கிறது? எங்கேயும் இல்லை. எழுதாத இடத்தில் ஆளுநர் தம் மனசுக்குப் பட்டதைச் செய்கிறார். அது நமக்குப் பிடித்தவரைத் தடுத்தால் ஜனநாயகப் படுகொலை. பிடிக்காதவரைத் தடுத்தால் விவேகம்.

2024க்கு வருவோம். தமிழக அரசு உச்ச நீதிமன்றம் போனது. மார்ச் 21 அன்று தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட், நீதிபதிகள் பர்திவாலா, மனோஜ் மிஸ்ரா அமர்வு ஆளுநரின் போக்கைக் கடுமையாகக் கண்டித்தது. இந்த நீதிமன்றம் நிறுத்தி வைத்த பிறகு அதை மீறி ஆளுநர் எப்படிப் பேச முடியும் என்று கேட்டது. மறுநாள் வரை அவகாசம் கொடுத்தது. 22ஆம் தேதி பிற்பகல் மூன்றரை மணிக்கு ராஜ்பவனில் பதவிப் பிரமாணம் முடிந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் டி.வி.யில் பார்த்தார்கள். மாணவர் என்னை போனில் கூப்பிட்டு, "சார், ஜெயிச்சிட்டோம்" என்றார். யார் யாரை ஜெயித்தது என்று நான் அப்போது கேட்கவில்லை.

இந்தக் கோபம் நமக்கு மட்டும் உரியதில்லை. அமெரிக்காவில் இதே சண்டை வேறு உருவத்தில் பல ஆண்டுகளாக நடக்கிறது. அங்கே அமைச்சர்கள், தூதர்கள், நீதிபதிகள் பெயரை அதிபர் முன்மொழிவார். செனட் ஒப்புதல் தர வேண்டும். அரசியல் சட்டம் எழுதிய 1787இல் செனட்டர்கள் குதிரையிலும் வண்டியிலும் தலைநகருக்கு வர வாரக்கணக்கில் ஆகும். வருஷத்தில் பாதி நாள் சபை கூடாது. அந்த நேரத்தில் ஒரு பதவி காலியானால் வேலை நிற்கக் கூடாதே என்று, சபை விடுமுறையில் இருக்கும்போது அதிபர் தாமே நியமித்துக்கொள்ளலாம், அடுத்த கூட்டத்தொடர் முடியும்வரை அது செல்லும் என்று எழுதி வைத்தார்கள். நம் ஊரில் சபை கூடாத காலத்தில் ஆளுநர் பிறப்பிக்கும் அவசரச் சட்டம் இருக்கிறதல்லவா, அதே யோசனைதான். இங்கே சட்டத்துக்கு, அங்கே ஆள் நியமனத்துக்கு. ஐசனோவர் 1953இல் ஏர்ல் வாரனைத் தலைமை நீதிபதியாக முதலில் இந்த வழியில்தான் உட்கார வைத்தார்.

ரயில் வந்தது, விமானம் வந்தது, தேவை போனது. வழி மட்டும் இருந்தது. செனட் ஒத்துக்கொள்ளாத ஆட்களை விடுமுறை பார்த்து நியமிப்பது அதிபர்களுக்குப் பழகிவிட்டது. ஜார்ஜ் புஷ் தம் எட்டு ஆண்டுகளில் 171 பேரை அப்படி நியமித்தார். 2007 நவம்பரில் செனட்டின் ஜனநாயகக் கட்சித் தலைவர் ஹாரி ரீட் அதற்கு ஒரு பூட்டுக் கண்டுபிடித்தார்: விடுமுறையே விடாதே. மூன்று நாளைக்கு ஒருமுறை சபை 'கூடும்'. ஒரே ஒரு செனட்டர் வருவார், சுத்தியலைத் தட்டுவார், சபை கூடியது என்பார், மறுபடி தட்டுவார், முடிந்தது என்பார். வெற்று நாற்காலிகளுக்கு நடுவே ஒரு நிமிடம்கூட ஆகாது. புஷ் கட்சிக்காரர்கள் ஆத்திரப்பட்டார்கள்.

அடுத்து ஒபாமா வந்தார். இப்போது அதே பூட்டைக் குடியரசுக் கட்சிக்காரர்கள் போட்டார்கள். 2012 ஜனவரி 4 அன்று ஒபாமா, இதெல்லாம் ஒரு கூட்டமா என்று தூக்கிப் போட்டுவிட்டு, தொழிலாளர் உறவு வாரியத்துக்கு மூன்று பேரையும் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்புக்கு ரிச்சர்ட் கார்ட்ரேயையும் நியமித்தார். 2014 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் வாரிய நியமனங்கள் செல்லாது என்றார்கள். சபை கூடியிருக்கிறது என்று சபை சொன்னால் கூடியிருக்கிறது. பத்து நாளைக்குக் குறைந்த இடைவெளி சாதாரணமாக விடுமுறை ஆகாது. அந்தப் பூட்டைச் செய்தவர்களின் கட்சி அதிபரே அதில் மாட்டிக்கொண்டார்.

பிறகு டிரம்ப். 2024 நவம்பரில் ஜெயித்த சூட்டோடு, செனட்டின் குடியரசுக் கட்சித் தலைவர் பதவிக்கு வருகிறவர் விடுமுறை நியமனங்களுக்கு ஒத்துக்கொண்டே ஆக வேண்டும் என்றார். தம் சொந்தக் கட்சித் தலைவர்களிடமே கேட்டார். ஜான் தூன் தலைவரானார், விடுமுறை விடவில்லை. 2025 கோடையில் டிரம்பும் அவர் ஆதரவாளர்களும் ஜனநாயகக் கட்சியினர் மீதும் செனட்டின் மெத்தனத்தின் மீதும் பொங்கினார்கள். செப்டம்பரில் குடியரசுக் கட்சியினர் வேறு வழி எடுத்தார்கள்: சபை விதியையே மாற்றி, 48 பெயர்களை ஒரே கட்டாக ஓட்டுக்கு விட்டு நிறைவேற்றினார்கள். முறை எனக்கு முழுசாகப் பிடிக்கவில்லை. ஆனாலும் கதவைச் சுற்றிப் போகாமல், எல்லோர் கண்ணெதிரிலும் ஓட்டெடுத்துச் செய்தார்கள்.

அமெரிக்கக் கதையை நான் விரிவாகச் சொன்னது ஒரு வித்தியாசத்துக்காக. ஹாரி ரீட் தடுத்தார் என்றால் அவர் நெவாடா மக்களிடம் 2010இல் ஓட்டுக் கேட்டு நிற்க வேண்டியிருந்தது. தூன் தடுத்தால் தெற்கு டகோடாவில் நிற்க வேண்டும். தடுப்பவனுக்கும் ஒரு தொகுதி உண்டு. அங்கே ஒரு திண்ணை உண்டு. அதில் யாராவது உட்கார்ந்து 'ஏன்யா தடுத்தே' என்று கேட்கலாம். எங்கள் எம்.எல்.ஏ. மந்திரியாவதைத் தடுத்தவருக்குத் தொகுதி எங்கே? உறுப்பு 155இன்படி குடியரசுத் தலைவர் நியமிக்கிறார், 156இன்படி அவர் விரும்பும்வரை இருக்கிறார். திருக்கோவிலூரில் ஒருவரும் அவரிடம் கேட்க முடியாது. சென்னையிலும் முடியாது.

பொன்முடி விஷயத்தில் பின்னால் நடந்ததைப் பாருங்கள். 2025 ஏப்ரலில் ஒரு கூட்டத்தில் அவர் பெண்களையும் சைவ வைணவச் சின்னங்களையும் கொச்சையாக இணைத்துப் பேசினார். உலகளந்த பெருமாள் கோவிலும் கீழையூர் வீரட்டேஸ்வரர் கோவிலும் இருக்கிற ஊர் இது. முதலாழ்வார் மூவரும் சந்தித்த ஊர் என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள். அவருக்கு ஓட்டுப் போட்ட வீடுகளிலேயே பெண்கள் கொதித்துப்போனார்கள். எனக்கும் அந்தப் பேச்சைக் கேட்டுக் கூசியது. கட்சி அவரைத் துணைப் பொதுச்செயலாளர் பொறுப்பிலிருந்து எடுத்தது. உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து அதை வழக்காக எடுத்தது. ஏப்ரல் 27 அன்று முதலமைச்சர் பரிந்துரைக்க, ராஜினாமாவை அதே ஆளுநர் ஏற்றுக்கொண்டார். அவரைக் கொண்டுவந்த முதலமைச்சரே அனுப்பியும் வைத்தார். அவரைக் கொண்டுவந்ததற்கான விலையையும் கொடுத்தார். 2024 மார்ச்சில் ஆளுநரின் தடை நின்றிருந்தால் முதலமைச்சர் அந்தப் பொறுப்பிலிருந்தே தப்பியிருப்பார். 'நான் போட்டேன், அவர் விடவில்லை' என்று ஊர் ஊராகச் சொல்லியிருக்கலாம். தடுப்பவர், தேர்ந்தெடுத்தவரின் பாரத்தைத்தான் இறக்கி வைக்கிறார்.

அதற்காக முதலமைச்சர் பெயரைக் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்து விழ வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மந்திரிகள் விஷயம் வேறு. அவர்கள் தினமும் சட்டமன்றத்தில் பதில் சொல்கிறவர்கள். அரசுப் பணியாளர் தேர்வாணையம் அப்படி இல்லை. 2016 தொடக்கத்தில் ஜெயலலிதா அரசு டி.என்.பி.எஸ்.சி.க்கு ஒரே மூச்சில் 11 உறுப்பினர்களைப் போட்டது. அன்றைய ஆளுநர் கையெழுத்திட்டார். தி.மு.க. தரப்பு கோர்ட்டுக்குப் போய், அந்த ஆண்டு டிசம்பரில் உயர் நீதிமன்றம் 11 நியமனங்களையும் ரத்து செய்தது. சரியான தேர்வு முறையே நடக்கவில்லை என்பது காரணம். 2013இலேயே பஞ்சாப் தேர்வாணையத் தலைவர் நியமனம் ரத்தானதை உறுதி செய்தபோது உச்ச நீதிமன்றம் இந்த எச்சரிக்கையைக் கொடுத்திருந்தது.

2022 ஜூனில் டி.என்.பி.எஸ்.சி. தலைவர் பதவி காலியானது. 2023இல் ஓய்வு பெற்ற டி.ஜி.பி. சைலேந்திர பாபுவின் பெயரை ஸ்டாலின் அரசு அனுப்பியது. ஆளுநர் ரவி கோப்பைத் திருப்பினார். விளம்பரம் கொடுத்தீர்களா, எத்தனை பேரைப் பரிசீலித்தீர்கள், எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்ற கேள்விகளோடு. கேள்விகள் நல்ல கேள்விகள். 2016இல் யாராவது கேட்டிருக்க வேண்டிய கேள்விகள். ஆனால் கேட்டது மூடிய கோப்பில். பதில் சொன்னதும் மூடிய கோப்பில். எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் பத்திரிகையில் கசிந்த துண்டுகள். ஆளுங்கட்சிக்காரர் 'கவர்னர் வேண்டுமென்றே தடுக்கிறார்' என்றார், எதிர்க்கட்சிக்காரர் 'தமக்கு வேண்டியவரைத் திணிக்கிறார்கள்' என்றார். இரண்டில் எது உண்மை என்று அறிய வழியில்லை. 2024 ஆகஸ்டில் எஸ்.கே. பிரபாகர் ஐ.ஏ.எஸ். நியமிக்கப்படும்வரை இரண்டு ஆண்டுக்கு மேல் முழுநேரத் தலைவர் இல்லாமலே ஆணையம் ஓடியது. 2023 பிப்ரவரியில் நடந்த குரூப் 2 முதன்மைத் தேர்வின் முடிவு 2024 ஜனவரியில்தான் வந்தது. தலைவர் இல்லாததுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஏன் தாமதம் என்று கேட்க ஒரு தலைவர் இல்லை என்பதைச் சொல்லலாம்.

பல்கலைக்கழகங்களின் கதை எங்கள் மாவட்டத்துக்கு இன்னும் நெருக்கமானது. 2021 பிப்ரவரியில், தேர்தல் வாசலில் நிற்கும்போது, அ.தி.மு.க. அரசு விழுப்புரத்தில் ஜெயலலிதா பெயரில் ஒரு பல்கலைக்கழகத்தைத் தொடங்கியது. துணைவேந்தரும் நியமிக்கப்பட்டார். எங்கள் பிள்ளைகளுக்கு வேலூர் அலைச்சல் மிச்சம் என்று நான் சந்தோஷப்பட்டேன். மே மாதம் ஆட்சி மாறியது. ஆகஸ்ட் 31 அன்று அதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கும் மசோதா நிறைவேறியது. உயர் கல்வி அமைச்சர் யார்? பொன்முடிதான். அ.தி.மு.க.வினர் சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள், கைதானார்கள். அன்றைக்கு வார்டு நிர்வாகியின் முகம் எப்படி இருந்ததோ, அப்படித்தான் 2024 மார்ச் 18 அன்று கிளைச் செயலாளரின் முகம் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான்.

விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர், மயிலாடுதுறை மாவட்டக் கலைக் கல்லூரிகள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தன. பிறகு துணைவேந்தர் சண்டை முற்றியது. தேடுதல் குழுவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் ஆள் இருக்க வேண்டும் என்றார் ஆளுநர். மாநிலச் சட்டத்தில் அப்படி இல்லை என்றது அரசு. ஒவ்வொரு துணைவேந்தராக ஓய்வு பெற, நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. 2024 நவம்பரில் அண்ணாமலையிலும். துணைவேந்தர் இல்லாத இடத்தில் ஒரு குழு கையெழுத்துப் போடும். குழு மாதத்துக்கு எத்தனை முறை கூடும்? என் உறவுக்காரப் பெண் ஒருத்தி ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு, வாய்மொழித் தேர்வுக்கு நாள் குறிக்க ஒரு கையெழுத்துக்காக அலைந்தாள். கல்லூரி வேலைக்கான விண்ணப்பத் தேதி அதற்குள் போய்விட்டது. அவளுக்கு எந்தக் கட்சியும் கிடையாது. அவள் யார் மீது கோபப்படுவது?

துணைவேந்தர் நியமன முறையை மாற்றும் மசோதாக்களும் சேர்ந்த பத்து மசோதாக்களைத்தான் ஆளுநர் 2023 நவம்பரில் திருப்பி அனுப்பினார். சட்டமன்றம் 18ஆம் தேதி சிறப்புக் கூட்டம் போட்டு மறுபடி நிறைவேற்றியது. அவர் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவிட்டார். 2025 ஏப்ரல் 8 அன்று நீதிபதிகள் பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு அது சட்டவிரோதம் என்று சொல்லி, பத்தும் ஒப்புதல் பெற்றதாகவே கொள்ளப்படும் என்றது. ஆளுநர்களுக்கு மாதக் கெடுவும் வைத்தது. அடுத்த மாதமே உயர் நீதிமன்றம் துணைவேந்தர் நியமனப் பிரிவுகளுக்குத் தடை போட்டது. குடியரசுத் தலைவர் 14 கேள்விகளோடு உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் பதில் சொன்னார்கள்: நீதிமன்றம் கெடு வைக்க முடியாது, ஒப்புதல் பெற்றதாகக் கொள்ளவும் முடியாது, ஆனால் ஆளுநர் காரணமில்லாமல் முடிவின்றி இழுக்கக் கூடாது, அப்படி இழுத்தால் முடிவெடுக்கச் சொல்லி உத்தரவிடலாம். இழுத்தது எவ்வளவு நாளானால் முடிவின்றி இழுத்ததாகும் என்பது வழக்குக்கு வழக்கு மாறும். ஆக, 2017இல் எழுதாமல் இருந்த இடம் இன்னும் எழுதாமலே இருக்கிறது.

எனக்கு ஒரு யோசனை உண்டு. இதை நான் மாவட்டத்தில் பல மேடைகளில் சொல்லிவிட்டேன். அமெரிக்கர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது விடுமுறைத் தந்திரத்தை அல்ல, அந்தப் பூட்டையும் அல்ல. செனட் குழு நடத்தும் பகிரங்க விசாரணையை. டி.என்.பி.எஸ்.சி. தலைவர், துணைவேந்தர், தகவல் ஆணையர், மனித உரிமை ஆணையத் தலைவர் என்று யாரை முன்மொழிந்தாலும், கோப்பு ஆளுநருக்குப் போகும் முன்னால் சட்டமன்றத்தின் அனைத்துக் கட்சிக் குழு ஒன்றின் முன் அவர் உட்காரட்டும். எதிர்க்கட்சி எம்.எல்.ஏ. கேட்கட்டும், ஊர் பார்க்கட்டும். இதற்கு அரசியல் சட்டத் திருத்தம் வேண்டாம். பேரவை தீர்மானித்தால் குழு அமைக்கலாம், அதன் முன் நின்று வந்தவரைத்தான் பரிந்துரைப்போம் என்று அரசு முடிவெடுத்தால் போதும். அப்படி வெளிச்சத்தில் கேட்டு முடித்த பெயரை ஒரு ஆளுநர் மூடிய அறையில் திருப்பி அனுப்புவது இப்போது இருக்கிற அளவுக்குச் சுலபமாக இருக்காது. திருப்பினால் குழு கேட்காத எதைத் தாம் கண்டோம் என்று அவர் எழுத்தில் சொல்லியாக வேண்டும்.

கிளைச் செயலாளருக்கு இந்த யோசனை பிடிக்கவில்லை. "எங்க ஆளை அவங்க கேள்வி கேக்கறதா சார்?" என்றார். வார்டு நிர்வாகிக்கும் பிடிக்கவில்லை; நாளைக்கு அவர்கள் ஆட்சி வந்தால் அவர்கள் ஆளும் உட்கார வேண்டுமே. இரண்டு கட்சிக்காரர்களும் அன்றைக்கு ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் குரூப் 4க்கும் குரூப் 2க்கும் படிக்கிற பிள்ளைகளுக்கு நான் அவ்வப்போது அரசியல் சட்டம் நடத்தப் போவதுண்டு. கல்வராயன் மலைப் பக்கத்திலிருந்து இங்கே வந்து அறை எடுத்துத் தங்கிப் படிக்கிறவர்களும் அதில் உண்டு. அவர்களிடம் கேட்டேன்: டி.என்.பி.எஸ்.சி. தலைவராக வரப்போகிறவரை உங்கள் எதிரில் உட்கார வைத்தால் என்ன கேட்பீர்கள்? பின்வரிசையில் இருந்த பெண் யோசிக்கவே இல்லை. பரீட்சை எழுதி எத்தனை நாளில் ரிசல்ட் போடுவீங்க, போடலைன்னா யாரைக் கேக்கணும், அதை மட்டும் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க சார் என்றாள்.